மீதி சைக்கிள் எங்கே போனது? கேம் பாய் எமுலேட்டரில் நேரக் கணக்கைச் சரிசெய்வது எப்படி

எமுலேட்டர் ஒன்றை, அதாவது ஒரு பழைய கருவியைப் போலவே கணினியில் நடந்துகொள்ளும் நிரலை எழுதி, திரையில் படம் வந்து, பொத்தானை அழுத்தினால் பாத்திரம் நகர்ந்து, அப்பாடா என்று நிமிரும்போதுதான் அந்தச் சத்தம் கேட்கும். நாற்பது வினாடிக்கு ஒருமுறை ஸ்பீக்கரில் ஒரு சின்ன ‘டப்’. நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாய்க்கு நான் எழுதிய முதல் எமுலேட்டரில் இது வந்தபோது ஒலிப் பகுதியில்தான் பிழை என்று நினைத்து இரண்டு வாரம் அதையே குடைந்துகொண்டிருந்தேன். பிழை ஒரு வகுத்தலில் இருந்தது. கேம் பாய் கடிகாரம் வினாடிக்குத் துடிக்கும் 4194304-ஐ, வினாடிக்கு வேண்டிய ஒலி மாதிரிகளான 44100-ஆல் வகுத்தால் 95.1089 வரும், நான் 95 என்று வைத்திருந்தேன். விட்டுப்போன அந்த 0.1089 சேர்ந்து சேர்ந்து, வினாடிக்கு 50 ஒலி மாதிரிகள் கூடுதலாக உருவாகி, 2048 மாதிரிகள் பிடிக்கும் பஃபர் (ஒலி காத்திருக்கும் தற்காலிக இடம்) நாற்பது வினாடியில் நிரம்பி வழிந்தது. அந்த வழிதல்தான் ‘டப்’.

அதற்குப் பிறகு நான் பார்த்த நேரப் பிழைகளில் பெரும்பாலானவை இதே வகைதான்: எங்கோ ஒரு மீதியைக் கீழே போட்டுவிட்டு வந்திருப்போம். எமுலேட்டர் வேகம் தடுமாறுகிறது என்றால் புதியவர்கள் முதலில், நிரலைச் சிறிது நேரம் தூங்கவைக்கும் கணினியின் ஸ்லீப் மீது சந்தேகப்படுகிறார்கள். அதற்கும் வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன். ஆனால் முதலில் கணக்கு நேராக வேண்டும், கடிகாரம் அடுத்தது.

ஏற்கெனவே பாதி எமுலேட்டர் எழுதி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை. கேம் பாயை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதன் எண்கள் கணக்குப் போட வசதியானவை, சோதனை ரோம்களும் (எமுலேட்டரில் ஏற்றி ஓட்டும் நிரல் கோப்புகளும்) நிறையக் கிடைக்கின்றன. நீங்கள் எழுதுவது இசட்80 செயலிக்கானாலும் 6502 செயலிக்கானாலும் வழி இதுதான், எண்கள்தான் மாறும்.

முதலில் சில எண்கள்

கேம் பாயின் கடிகாரம் வினாடிக்கு 4194304 முறை துடிக்கிறது, அதாவது 2-இன் 22-ஆம் அடுக்கு. திரையின் ஒரு வரிக்கு 456 துடிப்பு, மொத்தம் 154 வரி (அதில் கண்ணுக்குத் தெரிவது 144), ஆக ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஒரு முழுத் திரைப் படத்துக்கு, 70224. வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு 59.7275 ஃப்ரேம், ஒரு ஃப்ரேமுக்கு 16.7427 மில்லிவினாடி. 60 கிடையாது, 16-உம் கிடையாது. உங்கள் நிரலில் இந்த இரண்டு எண்களில் ஒன்று நேரக் கணக்கில் எங்காவது உட்கார்ந்திருந்தால் இப்போதே தேடி எடுத்துவிடுங்கள். 16 மில்லிவினாடிக்கு ஒரு ஃப்ரேம் என்று ஓட்டினால் ஆட்டம் 4.6 சதவீதம் வேகமாக ஓடும், 17 என்று வைத்தால் 1.5 சதவீதம் மெதுவாக.

இன்னொரு குழப்பம். சில ஆவணங்கள் கட்டளைகளின் நேரத்தை எம்-சைக்கிளில் தரும், சில டி-சைக்கிளில். ஒரு எம்-சைக்கிள் என்பது நான்கு டி-சைக்கிள். இரண்டு அட்டவணையிலிருந்தும் கலந்து நகலெடுத்து வைத்துக்கொண்டு தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். இங்கே நான் சொல்வதெல்லாம் டி-சைக்கிள், சுருக்கமாக சைக்கிள்.

படி 1: ஒரே ஒரு பெரிய எண்ணி

எமுலேட்டர் தொடங்கியதிலிருந்து எத்தனை சைக்கிள் ஓடியிருக்கிறது என்று எண்ண 64 பிட் முழு எண் ஒன்றை வையுங்கள். அது கூடிக்கொண்டே போகட்டும், எதற்காகவும் அதைப் பூஜ்ஜியமாக்க வேண்டாம். டைமர், திரை, ஒலி மூன்றும் நேரம் என்னவென்று இந்த எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆளுக்கொரு எண்ணி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே பூஜ்ஜியமாக்கினால் ஒரு மணி நேரத்தில் மூன்றும் மூன்று நேரம் காட்டும்.

தசம எண் வேண்டவே வேண்டாம். 32 பிட் ஃப்ளோட்டில் எண்ணி வைத்து நான்கு நான்காகக் கூட்டினால் என்ன ஆகும் என்று ஒரு சின்ன நிரல் எழுதிப் பாருங்கள். எண்ணி 67108864-க்கு வந்ததும் அப்படியே நின்றுவிடும். அந்த அளவில் ஃப்ளோட்டுக்கு அடுத்த எண்ணே 8 தள்ளித்தான் இருக்கிறது. 4-ஐக் கூட்டினால் அது பாதி வழியில் விழுந்து, மறுபடியும் பழைய எண்ணுக்கே முழுமைப்படுத்தப்படுகிறது. 67108864-ஐ 4194304-ஆல் வகுத்தால் சரியாக 16. அதாவது பதினாறாவது வினாடியில் உங்கள் கேம் பாய்க்கு நேரம் நின்றுபோகும். டபுளில் இது நடக்க வெகுகாலம் ஆகும் என்பது உண்மைதான், ஆனால் முழு எண் சும்மா கிடைக்கும்போது அந்தப் பக்கம் ஏன் போக வேண்டும்?

படி 2: கட்டளை அட்டவணை

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் அட்டவணை கைவசம் இருக்கும், பார்த்துப் பார்த்து நிரப்ப வேண்டியதுதான். பலரும் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். நிபந்தனையுள்ள தாவல்களுக்கு இரண்டு விலை உண்டு: ஜேஆர் கட்டளை தாவினால் 12, தாவாவிட்டால் 8. துணை நிரலை அழைக்கும் கால் என்ற கட்டளை தாவினால் 24, இல்லையென்றால் 12. அங்கிருந்து திரும்பும் ரெட் கட்டளை நிபந்தனையோடு என்றால் 20 அல்லது 8, நிபந்தனை இல்லாத ரெட் 16. எச்எல் என்ற ரெஜிஸ்டர் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) காட்டும் நினைவகத்தின் மீது வேலைசெய்யும் சிபி முன்னொட்டுக் கட்டளைகள் எல்லாம் 16, ஆனால் பிட் என்ற கட்டளை மட்டும் 12, ஏனென்றால் அது படிக்கிறது, திரும்ப எழுதுவதில்லை. இன்டரப்ட் (செயலியை இடைமறித்து வேறு வேலைக்கு அனுப்பும் அழைப்பு) ஒன்றுக்குள் நுழைவதற்கே 20 சைக்கிள் ஆகும், அதை எண்ண மறந்துவிடுவார்கள். ஹால்ட் நிலையில் செயலி தூங்கினாலும் கடிகாரம் தூங்குவதில்லை, அப்போதும் நான்கு நான்காகக் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இது சரியா என்று பார்க்க பிளார்க் என்பவர் எழுதிய சோதனைத் தொகுப்பில் இன்ஸ்ட்ர் டைமிங் என்ற ரோம் இருக்கிறது. அது கேம் பாயின் டைமரை வைத்துத்தான் கட்டளைகளை அளக்கிறது, ஆகவே டைமர் தப்பாக இருந்தால் அட்டவணை சரியாக இருந்தும் தோல்வி என்றே காட்டும். படி 4-ஐ முடித்துவிட்டு வந்து ஓட்டினாலும் தவறில்லை.

படி 3: கட்டளைக்கு உள்ளே நேரம் ஓட வேண்டும்

துல்லியத்தில் உண்மையான தாவல் இந்த இடத்தில்தான் நடக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

புதியவர்கள் எழுதும் முறை இப்படி இருக்கும்: கட்டளையை எடு, முழுவதும் செய்து முடி, அட்டவணையைப் பார்த்து 12 என்று கூட்டு, அந்த 12-ஐ டைமருக்கும் திரைக்கும் கொடு. பெரும்பாலான ஆட்டங்கள் இதிலேயே ஓடிவிடும். ஆனால் எச்எல் காட்டும் நினைவகத்தை ஒன்று கூட்டும் கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு 12 சைக்கிள். உண்மையான சிப்பில் முதல் நான்கில் கட்டளை எடுக்கப்படுகிறது, அடுத்த நான்கில் நினைவகம் படிக்கப்படுகிறது, கடைசி நான்கில் எழுதப்படுகிறது. இப்போது எச்எல் காட்டுவது டிமா என்ற டைமர் ரெஜிஸ்டர் என்றும், டைமர் 16 சைக்கிளுக்கு ஒருமுறை கூடுகிறது என்றும் வையுங்கள். கட்டளை தொடங்கும்போது டிமாவில் 5 இருக்கிறது, அது 6 ஆக இன்னும் நான்கே சைக்கிள்தான். உண்மையான கருவி 6-ஐப் படித்து 7-ஐ எழுதும். உங்கள் எமுலேட்டர் நேரத்தையே நகர்த்தாமல் 5-ஐப் படித்து 6-ஐ எழுதிவிட்டு, அதற்குப் பிறகு 12 சைக்கிளை மொத்தமாக ஓட்டும். கடைசியில் இரண்டிலும் 7 இருக்கும். ஆனால் அது தற்செயலாக வந்த 7, டைமர் கூடும் நேரம் படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் விழுந்தால் பொருந்தாது.

இதற்குத் தீர்வு எளிது. நினைவகத்தைப் படிக்கும் செயல்கூறு ஒன்று, எழுதும் செயல்கூறு ஒன்று வைத்திருப்பீர்கள் இல்லையா, அந்த இரண்டுக்குள்ளும் நான்கு சைக்கிள் நகர்த்தும் வரியைப் போட்டுவிடுங்கள். கட்டளையை எடுப்பதும் ஒரு படிப்புதான், அதற்கும் அதே செயல்கூறு. நினைவகத்தைத் தொடாமல் உள்ளே மட்டும் வேலை நடக்கும் சைக்கிள்கள் சில உண்டு, உதாரணமாகப் புஷ் கட்டளையில் எழுதத் தொடங்குவதற்கு முன் ஒரு நான்கு. அந்த இடங்களில் கையால் நகர்த்துங்கள்.

இப்படிச் செய்தபிறகு அட்டவணை தேவையே இல்லை என்பது இன்னொரு மகிழ்ச்சி. கட்டளை தன் நேரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆனாலும் அட்டவணையைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு பெரிய எண்ணி எவ்வளவு நகர்ந்தது என்று அட்டவணையோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் உடனே நிற்கும்படி சோதனை முறையில் ஒரு சரிபார்ப்பு வையுங்கள். எனக்கு இதுவே ஐந்து பிழைகளைப் பிடித்துக் கொடுத்தது. பிளார்க் தொகுப்பில் மெம் டைமிங் ரோம் படித்தல், எழுதுதல், மாற்றுதல் மூன்றையும் தனித்தனியே சோதிக்கும், அது தேறினால் இந்தப் படி முடிந்தது.

படி 4: டைமர் என்பது ஒரு 16 பிட் எண்ணி

டிவ் ரெஜிஸ்டர் 256 சைக்கிளுக்கு ஒருமுறை கூடும், டிமா 1024 அல்லது 16 அல்லது 64 அல்லது 256 சைக்கிளுக்கு ஒருமுறை கூடும் என்று படித்துவிட்டு, இரண்டுக்கும் தனித்தனி எண்ணி வைத்து எழுதுவது வழக்கம். உண்மையான சிப்பில் அப்படி இல்லை. உள்ளே ஒரே ஒரு 16 பிட் எண்ணி ஒவ்வொரு சைக்கிளுக்கும் கூடிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் 8 பிட்டுகளைத்தான் டிவ் என்று நாம் படிக்கிறோம். டிமாவுக்கென்று தனிக் கடிகாரம் கிடையாது: அதே எண்ணியின் 9, 3, 5, 7 ஆகிய பிட்டுகளில் ஒன்றை டிஏசி என்ற டைமர் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர் தேர்ந்தெடுக்கிறது, அந்தப் பிட் 1-இலிருந்து 0-க்கு விழும்போது டிமா ஒன்று கூடுகிறது.

இப்படி அப்படியே எழுதிவிட்டால் ஆவணங்களில் விநோதம் என்று பட்டியலிட்டிருப்பவை பலவும் தாமாகவே வந்துவிடும். டிவ்வில் எதை எழுதினாலும் முழு எண்ணியும் பூஜ்ஜியமாகும். டிஏசி 3-ஆம் பிட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, எண்ணியின் கடைசி நான்கு பிட்டுகள் அந்த நேரத்தில் 8 முதல் 15-க்குள் இருக்கின்றன என்று வையுங்கள்: அந்தப் பிட் 1-இலிருந்து திடீரென்று 0 ஆகிறது, டிமா ஒன்று கூடிவிடுகிறது. யாரும் தனியாக ஒரு நிபந்தனை எழுத வேண்டியதில்லை.

டிமா 255-ஐத் தாண்டி வழியும்போது மட்டும் ஒரு கவனம். வழிந்தபிறகு டிமாவில் ஏற வேண்டிய மதிப்பு டிஎம்ஏ என்ற ரெஜிஸ்டரில் இருக்கும், அது உடனே ஏறுவதில்லை. நான்கு சைக்கிள் டிமாவில் பூஜ்ஜியம் இருக்கும், அதன்பிறகுதான் டிஎம்ஏ ஏறும், இன்டரப்டும் அப்போதுதான் எழும். இந்த நான்கை விட்டால் மூன்ஐ என்ற இன்னொரு சோதனைத் தொகுப்பின் டைமர் ரோம்கள் வரிசையாகச் சிவப்புக் காட்டும்.

படி 5: ஃப்ரேம் எல்லையில் மீதி

70224 சைக்கிள் ஆனதும் ஒரு ஃப்ரேமை முடித்துக்கொள்கிறோம். ஆனால் கட்டளை எப்போதும் சரியாக 70224-இல் முடிவதில்லை, பல நேரம் 70232, 70240 என்று தாண்டித்தான் நிற்கும். அடுத்த ஃப்ரேமைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் அந்த 8-உம் 16-உம் காணாமல் போகும். ஃப்ரேமுக்குச் சராசரியாக 8 என்று வைத்தால் மணிக்கு 0.4 வினாடி. சிறிய எண்தான், ஆனால் திரையும் ஒலியும் மெல்ல மெல்ல விலக இதுவே போதும். இதற்கு ஒற்றை வரி போதும்:

அடுத்த எல்லை = அடுத்த எல்லை + 70224

பெரிய எண்ணி இந்த எல்லையைத் தாண்டும்வரை ஓட்டு, தாண்டியதும் எல்லையை நகர்த்து. மீதி தானாக அடுத்த ஃப்ரேமுக்குப் போய்விடும்.

படி 6: இப்போது கணினியின் கடிகாரம்

எமுலேட்டர் உள்ளே சரி, இனி அதை வெளி உலகின் வினாடியோடு கட்ட வேண்டும்.

பலரும் செய்வது: ஃப்ரேம் முடிந்ததா, 16.74 மில்லிவினாடியிலிருந்து வேலைக்கு ஆன நேரத்தைக் கழி, மிச்சத்துக்குத் தூங்கு. இதில் ஒவ்வொரு தூக்கத்தின் பிழையும் அடுத்ததன் மேல் ஏறிக்கொள்ளும். அதற்குப் பதிலாக, தொடங்கிய நேரத்தை ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமும் எப்போது முடிய வேண்டும் என்பதைத் தொடக்க நேரத்திலிருந்து நேரடியாகக் கணக்கிட்டு, அந்த நேரம் வரும்வரை காத்திருங்கள். ஒரு தூக்கம் இரண்டு மில்லிவினாடி அதிகமானாலும் அடுத்த காத்திருப்பு அவ்வளவு குறைந்து சரியாகிவிடும்.

சைக்கிளை நானோவினாடியாக மாற்றும்போது ஒரு குழி இருக்கிறது. மொத்த சைக்கிளை 100 கோடியால் பெருக்கி 4194304-ஆல் வகுப்பது கணக்கு முறையில் சரி, ஆனால் குறியில்லாத 64 பிட் எண்கூட 73 நிமிடம் 18 வினாடியில் நிரம்பி வழியும், குறியுள்ள எண் என்றால் 36 நிமிடம் 39 வினாடியில். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து முடித்துக்கொள்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஆகவே முதலில் 4194304-ஆல் வகுத்து முழு வினாடிகளைப் பிரித்து எடுங்கள், வரும் மீதியை மட்டும் 100 கோடியால் பெருக்கி வகுத்துச் சேருங்கள். இது எத்தனை நாள் ஓடினாலும் வழியாது.

நேரத்தைப் படிக்க எப்போதும் ஒரே திசையில் ஓடும் கடிகாரத்தையே பயன்படுத்துங்கள்: லினக்ஸில் கிளாக் மோனோடோனிக், சி++ என்றால் ஸ்டெடி கிளாக், விண்டோஸில் குவெரி பெர்ஃபார்மன்ஸ் கவுன்ட்டர். சுவர்க் கடிகார நேரத்தைத் தரும் வகை வேண்டாம், இணையத்தோடு ஒத்திசைக்கும்போது அது முன்னும் பின்னும் குதிக்கும்.

அப்புறம் ஸ்லீப். விண்டோஸில் அதன் இயல்பான துடிப்பு 15.625 மில்லிவினாடி. 16 மில்லிவினாடி தூங்கச் சொன்னால் ஒரு துடிப்பு போதாது, இரண்டாவது துடிப்புவரை போய் 31 மில்லிவினாடிக்குப் பக்கத்தில் எழுந்திருக்கும், ஆட்டம் பாதி வேகத்தில் ஊரும். டைம் பிகின் பீரியட் என்ற செயல்கூறை 1 என்று அழைத்தால் இது ஒரு மில்லிவினாடி அளவுக்கு வரும். 2020-க்கு முந்தைய விண்டோஸ் பதிப்புகளில் வேறொரு நிரல் இதை அழைத்திருந்தால் அதன் பலன் எல்லா நிரல்களுக்கும் கிடைத்தது. பின்னணியில் பாட்டு ஓடும்போது மட்டும் எமுலேட்டர் சரியாக ஓடுகிறது என்ற புகாருக்கு அதுதான் காரணம். லினக்ஸில் கிளாக் நானோஸ்லீப்புக்கு நேரடியாகச் சேர வேண்டிய நேரத்தையே கொடுக்கலாம், நம் முறைக்கு அச்சாகப் பொருந்தும்.

எந்த இயங்குதளமானாலும் நான் பரிந்துரைப்பது கலப்பு முறை: குறித்த நேரத்துக்கு இரண்டு மில்லிவினாடி முன்வரை தூங்கு, மீதியைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுற்று. முழுக்கச் சுற்றினால் ஒரு கோர் முழுவதும் அதற்கே போகும், மடிக்கணினி மின்விசிறி கத்தும். மடிக்கணினியை மூடித் திறந்தால் சில இயங்குதளங்களில் எமுலேட்டர் பல நிமிடம் பின்தங்கியிருக்கும், அதைப் பிடிக்க வெறிபிடித்து ஓடும். ஐந்து ஃப்ரேமுக்கு மேல் பின்தங்கினால் தொடக்க நேரத்தைப் புதிதாகக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

படி 7: ஒலி

தொடக்கத்தில் சொன்ன 95 பிழைக்கு மருந்து இது. ஒவ்வொரு சைக்கிளுக்கும்:

மிச்சம் = மிச்சம் + 44100
மிச்சம் 4194304-ஐ எட்டினால்: மிச்சம் = மிச்சம் − 4194304, ஒரு மாதிரி எழுது

சில மாதிரிகள் 95 சைக்கிளுக்கு வரும், சில 96-க்கு, ஆனால் ஒரு வினாடியில் மிகச் சரியாக 44100. தசமம் எங்கும் இல்லை. (ஒரு மாதிரியை மட்டும் பொறுக்கி எடுத்தால் உயர் சுரங்களில் கரகரப்பு வரும், இடையில் வந்தவற்றின் சராசரியை எடுங்கள். அது தனிக் கதை.)

இவ்வளவு செய்தும் மணிக்கணக்கில் ஓட்டினால் பஃபர் மெல்ல ஏறும் அல்லது இறங்கும். ஒலி அட்டையின் 44100-உம் கணினிக் கடிகாரத்தின் வினாடியும் பெரும்பாலும் வெவ்வேறு படிகங்களில் ஓடுவதுதான் காரணம். பஃபர் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் மேலே உள்ள 44100-ஐக் கொஞ்சம் குறையுங்கள், காலியாகிக்கொண்டிருந்தால் கூட்டுங்கள், 0.5 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம். ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் மென்பொருள் இந்த உத்தியைத்தான் கையாள்கிறது, அதன் இயல்பு எல்லையும் இதே 0.5 சதவீதம். இந்தச் சரிக்கட்டல் ஒலி மாதிரிகளோடு நிற்க வேண்டும், பெரிய எண்ணியைத் தொடவே கூடாது.

திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 59.7275 ஃப்ரேமைக் காட்டினால் ஏறக்குறைய 3.7 வினாடிக்கு ஒருமுறை ஒரு ஃப்ரேம் இரண்டு முறை தெரியும், பக்கவாட்டில் நகரும் காட்சியில் லேசான உதறலாகக் கண்ணில் படும். மானிட்டரின் வேகத்துக்கே ஆட்டத்தை ஓட்டினால் உதறல் போகும், ஆட்டம் 0.46 சதவீதம் வேகமாகும். எனக்கு உதறல்தான் மேல், ஆனால் சும்மா விளையாடுபவர்களுக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வசதி கொடுப்பது நல்லது.

படி 8: அளந்து பார்ப்பது

கண்ணை நம்பாதீர்கள், எண்ணை எழுதி வையுங்கள். எமுலேட்டரைப் பத்து நிமிடம் ஓட்டி, முடிந்த ஃப்ரேம்களை எண்ணுங்கள். 35836 வர வேண்டும், ஒன்று முன்பின் இருக்கலாம். 36000 வந்தால் எங்கோ 60 ஒளிந்திருக்கிறது. 37500 வந்தால் 16.

அடுத்து, ஒரே ரோமை ஒரே பொத்தான் பதிவோடு இரண்டு முறை ஓட்டுங்கள், ஒருமுறை இயல்பான வேகத்தில், ஒருமுறை கட்டுப்பாடே இல்லாமல் கணினியால் முடிந்த வேகத்தில். 35836-ஆம் ஃப்ரேமின் முடிவில் பெரிய எண்ணியும் நினைவகத்தின் செக்சம்மும் (உள்ளடக்கத்தைச் சுருக்கிக் காட்டும் சரிபார்ப்பு எண்ணும்) இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால், 17918-ஆம் ஃப்ரேமில் ஒப்பிடுங்கள், அங்கே சரியென்றால் பின்பாதி, இல்லையென்றால் முன்பாதி, இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் பதினைந்து பதினாறு முறையில் பிரியும் ஃப்ரேம் கையில் சிக்கும். அந்த இடத்தில் எமுலேட்டருக்குள்ளிருந்து யாரோ கணினியின் கடிகாரத்தை எட்டிப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு அது எம்பிசி3 வகை ஆட்டக் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் கடிகாரமாக இருந்தது. அந்தக் கார்ட்ரிட்ஜில் 32768 ஹெர்ட்ஸ் படிகம் ஒன்று தனியாக இருக்கிறது, நான் அதைக் கணினி நேரத்திலிருந்து நேரடியாகப் படித்துக்கொண்டிருந்தேன். 4194304-ஐ 32768-ஆல் வகுத்தால் சரியாக 128, மீதியே இல்லை. சோதனை ஓட்டத்தில் அதையும் பெரிய எண்ணியிலிருந்தே கணக்கிட வைத்தேன், இரண்டு செக்சம்மும் பொருந்தின.